பொருள் போய்விட்டது, தவணை போகவில்லை: இந்தியாவும் பிரிட்டனும்

இணையத்தில் தவணைக்கு ஒரு லேப்டாப் வாங்குகிறவர் ஒரே ஒரு பொத்தானைத்தான் அழுத்துகிறார். சட்டத்தின் கண்ணில் அந்த நொடியில் இரண்டு ஒப்பந்தங்கள் பிறந்துவிடுகின்றன. ஒன்று, பொருளை விற்றவரோடு. இன்னொன்று, பணம் கொடுத்த வங்கியோடு அல்லது நிதி நிறுவனத்தோடு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்த இரட்டைத்தன்மை யாருக்கும் தெரிவதில்லை. பெட்டியைப் பிரித்ததும் திரையில் கோடு விழுந்தாலோ, பேட்டரி அரை மணி நேரத்தில் தீர்ந்தாலோதான் தெரியவரும். பொருளைத் திருப்பி அனுப்பி முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். இரண்டாவது ஒப்பந்தம் என்ன ஆகிறது?

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டமும் பிரிட்டிஷ் சட்டமும் வெவ்வேறு பதில் சொல்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் நாட்டில் நுகர்வோர் எங்கே வலுவாக நிற்கிறார், எங்கே தனியாக விடப்படுகிறார் என்பது துலங்கும்.

ஒரே வேர், பிரிந்த கிளை

ஒப்பிட இந்த இரு நாடுகளை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நம்முடைய 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. விற்ற பொருள் சொன்ன தன்மையோடு இருக்க வேண்டும், வாங்கியவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும், ஏற்றுக்கொள்ளாதவரை நிராகரிக்கலாம் என்ற அடிப்படைகள் இரு நாட்டுக்கும் பொது.

பாதை பிரிந்தது கடன் விஷயத்தில். பிரிட்டனில் நுகர்வோர் கடனை ஆராய்ந்த கிரௌதர் குழு 1971-இல் தந்த அறிக்கை, கடைக்காரரோடு ஏற்பாடு செய்துகொண்டு கடன் தருபவர் அந்த வியாபாரத்தில் ஒருவகைக் கூட்டாளி என்ற நிலையை எடுத்தது. லாபத்தில் பங்கு இருக்கும்போது பொறுப்பிலும் பங்கு இருக்க வேண்டும் என்பது அதன் வாதம். அதிலிருந்து பிறந்ததுதான் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம். ஏறக்குறைய அதே காலத்தில் இந்திய நாடாளுமன்றமும் 1972-இல் தவணைக் கொள்முதலுக்கென்றே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. ஏட்டில் கிடந்து, 2005-இல் ரத்தும் செய்யப்பட்டது. நுகர்வோர் கடனுக்கென்று தனிச் சட்டம் இன்றுவரை நம்மிடம் இல்லை. பொருளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கடனுக்கு ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் என்று இரண்டு தனித்தனி ஓட்டங்கள் இருக்கின்றன.

மனம் மாறினால்

பொருளில் குறையே இல்லை, வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அப்போது திருப்ப முடியுமா?

பிரிட்டனில் முடியும். 2014 ஜூன் 13 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, தொலைவிலிருந்து வாங்கிய பொருள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அதன்பின் பொருளைத் திருப்பி அனுப்ப இன்னொரு 14 நாள் உண்டு. பொருளோ அதை அனுப்பியதற்கான சான்றோ கிடைத்த 14 நாளுக்குள் விற்றவர் பணத்தைத் தந்துவிட வேண்டும். முதலில் வாங்கிய சாதாரண டெலிவரிக் கட்டணமும் அதில் சேரும். இந்த உரிமை உண்டு என்பதையே விற்றவர் சொல்லாமல் விட்டிருந்தால், ரத்து செய்யும் காலம் 12 மாதம் வரை நீளும்.

மின்னணுப் பொருளுக்கு இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கடையில் நின்று பார்ப்பதுபோல் இயக்கிப் பார்க்கலாம். அதைத் தாண்டி ஒரு வாரம் வைத்துப் பயன்படுத்திவிட்டு அனுப்பினால், மதிப்புக் குறைந்த அளவுக்கு விற்றவர் பிடித்துக்கொள்ளலாம். சீல் வைத்து வந்த மென்பொருளைப் பிரித்துவிட்டால் இந்த உரிமை போய்விடும்.

இந்தியாவில் அப்படி ஓர் உரிமை சட்டத்தில் இல்லை. நேரடி விற்பனைக்கான 2021 விதிகளில் மனம் மாறிப் பின்வாங்கும் அவகாசம் இருக்கிறது. ஆனால் 2020 ஜூலை 23-இல் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளில் அது இடம்பெறவில்லை. இணையதளங்கள் தரும் ஏழு நாள், பத்து நாள் அவகாசமெல்லாம் அவர்களாகத் தருவது. பொருளுக்குப் பொருள் மாறுவது. அதே தளத்தில் சட்டையைத் திருப்பலாம். ஃபோனை எடுத்தால் ‘மாற்றித் தருவோம், பணம் கிடையாது’ என்ற வரி இருக்கும். திருப்புதல், ரீஃபண்ட், வாரன்டி பற்றிய தகவல்களை வாங்குவதற்கு முன்பே காட்டியாக வேண்டும் என்பதுதான் விதி தரும் பாதுகாப்பு. ஆக, மனம் மாறும் விஷயத்தில் பிரிட்டன் தெளிவாக முன்னால் நிற்கிறது.

குறையோடு வந்தால்

பழுதான பொருள் என்றால் இடைவெளி குறைகிறது. ஆனால் நம் ஊரில் இந்தப் பாதுகாப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மின்வணிக விதிகளின் 6-ஆம் விதி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குத் தாமதமாக வந்தாலோ, அதைத் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. இதற்கு மேலாக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தராமல் இருப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. ‘எங்கள் கொள்கைப்படி மாற்றித்தான் தருவோம்’ என்ற வாசகம் பழுதான பொருளுக்கு இறுதித் தீர்ப்பு ஆகிவிடாது.

நடைமுறையில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ஃபோனோ டிவியோ பழுது என்றால் தளம் கை கழுவி, கம்பெனி டெக்னீஷியன் வந்து பார்த்துச் சான்று தரட்டும் என்னும். டெக்னீஷியன் வருவதற்குள் திருப்பும் கெடு முடிந்துவிடும். பிக்கப்புக்கு வருகிறவர் ஐஎம்இஐ எண்ணை ஒப்பிட்டு, பெட்டியில் கீறல் இருக்கிறது என்று எடுக்காமலே போவார். வந்தபோதே பழுதா, பிறகு நாம் கெடுத்ததா என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில் விழுகிறது. அன்பாக்ஸிங் வீடியோ எடுப்பது நம் வீடுகளில் ஒரு சடங்காகிப்போனதற்கு இதுதான் காரணம்.

பிரிட்டன் இந்த இடத்தைத்தான் சட்டத்தால் அடைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகென்றால் ஒருமுறை சரிசெய்யவோ மாற்றித் தரவோ வாய்ப்புத் தர வேண்டும். அதுவும் தோற்றால் நிராகரிக்கலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். முதல் 6 மாதத்துக்குள் தெரியவரும் பழுது, டெலிவரியின்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். அந்த ஆறு மாதத்துக்குள் நிராகரித்தால், பயன்படுத்தியதற்கென்று எதுவும் பிடிக்கவும் முடியாது. வாகனங்கள் மட்டும் விலக்கு. பழுதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதில் இரு நாடும் ஒன்றுதான். யார் நிரூபிப்பது என்பதில்தான் வேறுபாடு. சாமானியர் தோற்பதும் ஜெயிப்பதும் அங்கேதான் முடிவாகிறது.

கடன் என்ன ஆகிறது?

இரு நாட்டுக்கும் பெரிய இடைவெளி இங்கேதான்.

கிரெடிட் கார்டில், வட்டி இல்லை என்று சொல்லித் தரும் நோ காஸ்ட் இஎம்ஐயில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப் விலை 60,000 ரூபாய். ஆறு தவணை, மாதம் 10,000. வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் அந்த வட்டிக்குச் சமமாக ஏறக்குறைய 2,540 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார். வங்கி கடனாகத் தருவது 57,460 ரூபாய்தான். அதன்மேல் வட்டி ஏறி 60,000 ஆகிறது. வட்டியின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி சுமார் 457 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235. நோ காஸ்ட் என்ற கடனுக்கு ஆன செலவு ஏறக்குறைய 692 ரூபாய்.

இப்போது லேப்டாப் பழுது, திருப்பியாயிற்று. விற்பனையாளர் தான் வாங்கிய 57,460 ரூபாயைக் கார்டுக்குத் திருப்புகிறார். அவரைப் பொறுத்தவரை கணக்கு நேர். அதற்குள் ஒரு மாதம் ஓடி, முதல் தவணை ஸ்டேட்மென்டில் ஏறியிருந்தால் வட்டி 718 ரூபாய், அதன் ஜிஎஸ்டி 129, பிராசஸிங் கட்டணம் 235. ஆக 1,082 ரூபாய் வாங்கியவர் கையைக் கடிக்கும். வட்டியை ஈடுகட்ட வந்த தள்ளுபடி விற்பனையோடு சேர்ந்து மறைந்துவிட்டது; வட்டி மட்டும் நின்றுவிட்டது. சில வங்கிகள் குறிப்பிட்ட நாளுக்குள் சொன்னால் வட்டியை விட்டுக்கொடுக்கின்றன. சில வங்கிகள் முன்கூட்டி முடித்ததற்கென்று கட்டணம் கேட்கின்றன. இது வங்கிக்கு வங்கி மாறும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ரீஃபண்ட் கார்டுக்கு வந்துவிட்டால் இஎம்ஐ தானே நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் நிற்பதில்லை. வங்கிக்குத் தனியாகச் சொல்லி ரத்து செய்ய வேண்டும். நிதி நிறுவனக் கடனாக இருந்தால், வங்கிக் கணக்கில் கொடுத்த ஆட்டோ டெபிட் ஆணை மாதாமாதம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோபத்தில் கணக்கைக் காலியாக வைத்தால் பவுன்ஸ் கட்டணம் ஏறும், கடன் தகுதியைக் காட்டும் சிபில் ஸ்கோர் இறங்கும். குறை லேப்டாப்பில் இருந்தது. கறை படிவது வாங்கியவர் பெயரில்.

இதே காட்சி பிரிட்டனில் எப்படி ஓடும்? 14 நாளுக்குள் ரத்து செய்திருந்தால், விற்பனையாளரோடு உள்ள ஏற்பாட்டின் பேரில் சேர்ந்துவந்த துணை ஒப்பந்தம் தானாகவே முடிவுக்கு வரும். அதைச் சம்பந்தப்பட்ட மூன்றாமவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் விற்றவருக்குத்தான். வாங்கியவர் இரண்டு வாசலில் நிற்க வேண்டாம். கடன் ஒப்பந்தத்திலிருந்து மட்டும் 14 நாளுக்குள் பின்வாங்கும் உரிமையும் தனியாக உண்டு. அசலை வட்டியோடு 30 நாளுக்குள் கட்டிவிட வேண்டும்.

பொருள் பழுதென்றால் வருவது 1974 சட்டத்தின் 75-ஆம் பிரிவு. ரொக்க விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை உள்ள பொருளைக் கிரெடிட் கார்டிலோ கடையோடு இணைந்த கடனிலோ வாங்கியிருந்தால், விற்றவரின் ஒப்பந்த மீறலுக்கும் பொய்யான விவரிப்புக்கும் கடன் தந்தவரும் சேர்ந்து பொறுப்பு. முதலில் கடைக்காரரைத் துரத்திவிட்டு வா என்று வங்கி சொல்ல முடியாது. கடை திவாலாகி இழுத்து மூடப்பட்டாலும் வங்கி தப்ப முடியாது. விலையில் ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு இழப்புக்கும் வங்கியிடம் கேட்கலாம். வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கும் இது பொருந்தும் என்று அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2007-இல் லாயிட்ஸ் டிஎஸ்பி வங்கி வழக்கில் உறுதி செய்தது.

இந்தியாவில் இதற்கு இணையான பிரிவு எதுவும் இல்லை. கடன் ஒப்பந்தங்களில், பொருளின் தரத்துக்கும் டெலிவரிக்கும் நாங்கள் பொறுப்பல்ல, எது நடந்தாலும் தவணை கட்டியாக வேண்டும் என்ற வாசகம் சாதாரணமாகவே இருக்கும். நம்மிடம் இருப்பது ரிசர்வ் வங்கி துண்டு துண்டாகத் தந்த பாதுகாப்புகள். அவற்றையும் குறைவாக மதிப்பிடக் கூடாது. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே அது வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2022-இன் கார்டு நெறிமுறைகள், இஎம்ஐயாக மாற்றும் முன் அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும், வட்டி உள்ள இஎம்ஐயை நோ காஸ்ட் என்று மறைக்கக் கூடாது என்கின்றன. நிலுவையில் இருக்கும் பில்லுக்கு ரீஃபண்ட் வந்தால் உடனே அதில் கழிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

செயலி வழிக் கடன்களுக்கு 2022 செப்டம்பரில் வந்த நெறிமுறைகள், அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியேறும் அவகாசத்தைத் தந்தன. ஏழு நாளோ அதற்கு மேலோ போகும் கடனுக்குக் குறைந்தது மூன்று நாள் என்று அப்போது இருந்தது. 2025 மே மாத நெறிமுறைகளில் அது குறைந்தது ஒரு நாள் என்று சுருங்கியது. டெலிவரிக்கே மூன்று நாள் ஆகும் ஊரில் இது எதற்கு உதவும்? பெட்டி வீட்டுக்கு வருமுன்பே கடனிலிருந்து வெளியேறும் கதவு சாத்தப்பட்டிருக்கும்.

பே லேட்டர்: இரு பக்கத்து ஓட்டை

பிரிட்டன் ஏற்பாடு பழுதற்றது என்று நினைத்துவிடக் கூடாது. வட்டியில்லாமல் 12 மாதத்துக்குள், 12 தவணைக்குள் முடியும் கடன்களுக்கு அங்கே நுகர்வோர் கடன் விதிகளிலிருந்து விலக்கு இருந்தது. அந்த இடைவெளியில்தான் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ நிறுவனங்கள் வளர்ந்தன. 75-ஆம் பிரிவின் காப்பு அந்தக் கடன்களுக்கு இல்லாமல் போனது. 2021 பிப்ரவரியில் கடன் சந்தையைப் பற்றி வந்த வூலார்ட் ஆய்வறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. அவற்றை நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் கீழ் கொண்டுவரும் சட்டம் 2025-இல்தான் பிறந்தது. நடைமுறைக்குக் குறித்த மாதம் 2026 ஜூலை. பெரிய சந்தைத் தளங்கள் வழியே மூன்றாம் நபரிடம் வாங்கும்போது, வங்கிக்கும் விற்றவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று 75-ஆம் பிரிவு கோரிக்கை தட்டிப்போவதும் உண்டு.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் வேறு திசையில் அடித்தது. வங்கியல்லாத நிறுவனங்களின் வாலட்டுகளையும் ப்ரீபெய்ட் கார்டுகளையும் கடன் தொகையால் நிரப்பக் கூடாது என்று 2022 ஜூனில் தடுத்தது. கடன் எங்கிருந்து வர வேண்டும் என்பதை அது ஒழுங்குபடுத்தியது. பொருள் திரும்பினால் அந்தக் கடன் எங்கே போக வேண்டும் என்பதைத் தொடவில்லை.

முறையிடும் இடம்

தராசு நம் பக்கம் சாயும் இடமும் ஒன்று உண்டு. 2019 சட்டத்தின்படி வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். தென்காசியில் இருப்பவர் பெங்களூரு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கப் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. விற்றவர், தளம், கடன் தந்தவர் மூவரையும் ஒரே மனுவில் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். வங்கிச் சேவையும் நிதிச் சேவையும் இந்தச் சட்டத்தின் சேவை என்ற வரையறைக்குள்தான் வருகின்றன. மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம். காலவரம்பு 2 ஆண்டு. 1915 என்ற உதவி எண் இருக்கிறது, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியே வீட்டிலிருந்தே மனு போடலாம். சட்டம் சொல்லும் கெடு 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம். வழக்குகள் அதைத் தாண்டி இழுப்பது எல்லோரும் அறிந்தது.

பிரிட்டனில் கடன் தொடர்பான புகாருக்கு நிறுவனம் 8 வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ மறுத்தாலோ நிதித் துறைக் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். பொருளின் பழுதையும் கடனையும் ஒரே கோப்பாக அது பார்க்கும், 75-ஆம் பிரிவு இருப்பதால். நம் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனும் இலவசம்தான், 30 நாள் காத்திருந்து போகலாம். ஆனால் அங்கே வங்கியின் சேவைக் குறையைத்தான் பேச முடியும். லேப்டாப் பழுது அவர் மேசைக்கு வராது.

என்ன மாற வேண்டும்?

அருகருகே வைத்துப் பார்த்ததில் தெரிவது இதுதான். பொருளைத் திருப்பும் உரிமையில் இந்தியா வெகு தூரம் வந்துவிட்டது. கடன் விதிகளும் முன்பைவிட இறுகியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே முடிச்சு மட்டும் போடப்படவில்லை. பிரிட்டன் அந்த முடிச்சை ஐம்பதாண்டுக்கு முன்பே போட்டு, அவ்வப்போது அவிழும் இடங்களை இறுக்கிக்கொண்டிருக்கிறது.

75-ஆம் பிரிவை அப்படியே இங்கே கொண்டுவருவது பெரிய வேலை, வங்கிகள் எதிர்க்கும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பணம் செலுத்தும் பக்கத்தில் கடனை முன்வைப்பதே தளம்தான். திருப்பிய பொருளை ஏற்றுக்கொண்டதும் கடன் தந்தவருக்குத் தகவல் தரும் கடமையைத் தளத்தின் மீதே வைக்கலாம். அந்தத் தகவல் போன நாளிலிருந்து தவணையும் வட்டியும் நிற்க வேண்டும், பழுதான பொருளென்றால் வாங்கிய வட்டியும் கட்டணமும் திரும்ப வேண்டும் என்று மின்வணிக விதியில் ஒரு வரி, ரிசர்வ் வங்கி நெறிமுறையில் ஒரு வரி போதும். வெளியேறும் அவகாசத்தைக் கடன் எடுத்த நாளிலிருந்து எண்ணாமல் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால், இன்றைய விதியே பாதி உயிர் பெறும்.

அதுவரை அந்த முடிச்சை வாங்கியவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். திருப்பும் கோரிக்கையைத் தளத்தில் பதிந்த அன்றே, ஆர்டர் எண்ணும் பழுதின் படமும் சேர்த்து வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கஸ்டமர் கேர் ஃபோனில் சொன்னது சாட்சி ஆகாது, மின்னஞ்சல் ஆகும். ரீஃபண்ட் வரும்வரை தவணையை நிறுத்தாமல், ஆட்சேபத்தைப் பதிவுசெய்துவிட்டுக் கட்டுவதே சிபில் ஸ்கோருக்கு நல்லது. பிறகு கடன் முடிந்ததற்கான கடிதம் வாங்கி, கடன் அறிக்கையிலும் அது மூடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் தவறு இருந்து, புகார் தந்தும் 30 நாளுக்குள் திருத்தப்படாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது ரிசர்வ் வங்கி 2023-இல் தந்த உரிமை.

தளத்தின் ‘ரீஃபண்ட் முடிந்தது’ என்ற குறுஞ்செய்தி விற்பனைக் கணக்கை மட்டுமே முடிக்கிறது. கடன் கணக்கும் சுழிக்கு வந்த பிறகுதான் பொருளை உண்மையில் திருப்பியதாக அர்த்தம்.